உலக ஏஐ மாநாட்டில் பாடம் நடத்த மணிமங்கலத்திலிருந்து விண்ணப்பிக்கலாமா? - ‘டுடோரியல்’ பற்றி ஒரு விளக்கம்

‘டுடோரியல்’ என்றதும் நம்ம ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒன்றுதான். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ‘போயிட்ட’ பாடத்தை எழுதி முடிப்பதற்காக, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நடக்கும் டுடோரியல் காலேஜ். அங்கே படித்ததை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

மெஷின் லேர்னிங் எனப்படும் இயந்திரக் கற்றல் துறையின் பெரிய மாநாடுகளில் இதே சொல்லுக்கு இருக்கும் மரியாதையே வேறு. அங்கே டுடோரியலில் மாணவராக உட்காருபவர்கள் பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள். “இந்தப் பகுதி எனக்குத் தெரியாது, முதலிலிருந்து சொல்லிக்கொடுங்க” என்று வந்து உட்காருகிறவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துவது யார், அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இதற்கும் மணிமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம்? தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், பெரிய ஏரியோடு இருக்கிற ஊர். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று என்று பள்ளியில் படித்திருப்போம். இன்று இந்த ஊர்ச் சாலையில் ஓடுபவை ஷிப்ட் பஸ்களும் காலேஜ் பஸ்களும். ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை; கார், லாரி, பைக், டயர், கண்ணாடி, செல்போன் என எல்லாம் உற்பத்தியாகும் பட்டை. ஊரிலும் சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். ஏஐ பற்றிப் பாடம் எடுப்பவர்களும், அதைத் தொழிற்சாலை லைனில் வைத்து ஓட்டிப் பார்த்துக் கை சுட்டுக்கொண்டவர்களும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறார்கள். இவர்களிடம் உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்க விஷயம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதைக் கேட்கவைக்கும் வழிதான் பலருக்குத் தெரிவதில்லை.

கட்டுரை வேறு, டுடோரியல் வேறு

நியூரிப்ஸ், ஐசிஎம்எல், சிவிபிஆர், ஏசிஎல் போன்ற மாநாடுகளில் மூன்று வகை நிகழ்ச்சிகள் உண்டு. முதலாவது ஆய்வுக் கட்டுரை: “நீ புதிதாக என்ன கண்டுபிடித்தாய்?” என்பது கேள்வி. இரண்டாவது பயிலரங்கு எனப்படும் ‘வொர்க்‌ஷாப்’: ஒரு தலைப்பில் ஆர்வமுள்ளவர்கள் கூடி, பாதி வெந்த ஆய்வுகளையும் பேசும் இடம். மூன்றாவது டுடோரியல்: “ஏற்கெனவே தெரிந்ததை, தெரியாதவர்களுக்குப் புரியும்படி அடுக்கிச் சொல்ல உன்னால் முடியுமா?” என்பதே இங்கே கேள்வி.

புதிய கண்டுபிடிப்புக்குப் பெரிய கணினிகளும் ஆய்வகமும் வேண்டியிருக்கலாம். தெளிவாகச் சொல்லிக்கொடுக்க அவை கட்டாயமில்லை. கட்டுரைப் போட்டியில் பின்தங்கிய இடங்களில் இருப்பவர்களுக்கும் உள்ளே நுழைய நியாயமுள்ள ஒரே வாசல் இதுதான் என்பது என் கருத்து. வாசல் குறுகியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் கட்டுரைகளை ஏற்கும் நியூரிப்ஸ், ஒரு டஜனை ஒட்டித்தான் டுடோரியல்களுக்கு இடம் தருகிறது.

நல்ல டுடோரியல் என்ன செய்யும் என்பதற்குச் சில உதாரணங்கள். 2012-ல் மான்ட்ரியல் நகரில் நடந்த என்ஏஏசிஎல் மாநாட்டில் மொழியியலாளர் எமிலி பெண்டர் ஒரு டுடோரியல் நடத்தினார். மொழியைக் கணினியில் கையாளுகிறவர்கள் மொழியியலைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பி, ஆனால் கேட்கத் தயங்கிய நூறு விஷயங்கள் என்பதே தலைப்பு. அறையில் இருந்தவர்கள் கணினிப் புலிகள். ‘விகுதி’ என்றால் என்ன என்பதுபோன்ற அடிப்படைகளில் ஓட்டை. அந்த ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்ததுதான் அவர் செய்த வேலை. அடுத்த ஆண்டே அது புத்தகமாகவும் வந்தது.

இன்னொருவர் அரவிந்த் நாராயணன். சென்னை ஐஐடியில் படித்து, இப்போது அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 2018 பிப்ரவரியில் நியூயார்க்கில், அல்காரிதங்களின் நேர்மை பற்றிய மாநாட்டில், நேர்மைக்கு இருக்கும் 21 வரையறைகளையும் அவற்றின் பின்னால் உள்ள அரசியலையும் டுடோரியலாக நடத்தினார். புதிய சூத்திரம் எதையும் நிறுவுவது நோக்கமல்ல. வரையறைகள் ஏன் இத்தனை இருக்கின்றன, ஒன்றை எடுத்தால் இன்னொன்று ஏன் கைநழுவுகிறது என்று கணினித்துறையினருக்கு எடுத்துச்சொன்னார். அதன் காணொளி இணையத்தில் கிடைக்கிறது; இன்றும் வகுப்புகளில் போட்டுக்காட்டப்படுகிறது.

சான்டியாகோ 2016: பக்கத்து உதாரணம்

மணிமங்கலத்திலிருந்து சென்னை ஐஐடி சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து கிளம்பிய ஒரு டுடோரியலின் கதை நமக்கு உபயோகமானது.

2014-ல், இரு மொழிச் சொற்களை ஒரே கணிதவெளியில் பொருத்துவது பற்றி நிப்ஸ் மாநாட்டில் (இன்றைய நியூரிப்ஸின் பழைய பெயர்) ஒரு கட்டுரை வந்தது. அதில் சரத் சந்தர், மித்தேஷ் கப்ரா, சென்னை ஐஐடி பேராசிரியர் பி.ரவீந்திரன் உள்ளிட்டோரின் பெயர்கள் இருந்தன. சரத், ரவீந்திரனிடம் சென்னை ஐஐடியில் எம்.எஸ். ஆய்வுப் படிப்பு முடித்தவர். மித்தேஷ் அப்போது ஐபிஎம் ரிசர்ச் இந்தியாவில் இருந்தார். பின்னர் சென்னை ஐஐடியில் பேராசிரியரானார்.

இரண்டு ஆண்டு கழித்து, 2016 ஜூனில், அமெரிக்காவின் சான்டியாகோவில் என்ஏஏசிஎல் மாநாடு. அதன் ஆறு டுடோரியல்களில் ஒன்றை மித்தேஷும் சரத்தும் நடத்தினார்கள். பல மொழிகளையும், மொழியோடு படங்களையும் நியூரல் நெட்வொர்க்கில் சேர்த்துக் கையாளுவது தலைப்பு. இன்னொன்று, உறவுள்ள மொழிகளுக்கு இடையிலான இயந்திர மொழிபெயர்ப்பு. அதில் புஷ்பக் பட்டாச்சார்யா, அனூப் குஞ்சுகுட்டன் ஆகியோருடன் மறுபடியும் மித்தேஷ். ஆறில் இரண்டு!

கவனிக்க இரண்டு விஷயம். சரத் அப்போது மான்ட்ரியலில் பிஎச்.டி. மாணவர். டுடோரியல் நடத்த வழுக்கைத் தலையும் பேராசிரியர் பதவியும் வேண்டும் என்பதில்லை. அடுத்தது, தலைப்பு. இந்தி–மராத்தி போன்ற உறவுமொழிகளுக்கு நடுவே மொழிபெயர்ப்பது எப்படி என்பதை இந்தியாவில் இருப்பவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. அதாவது, தாங்கள் நிற்கும் இடத்திலிருந்தே தலைப்பை எடுத்தார்கள்.

மணிமங்கலத்துத் தலைப்பு எதுவாக இருக்கும்?

ஒரு கற்பனை செய்துகொள்வோம். இங்குள்ள கல்லூரியில் ஓர் உதவிப் பேராசிரியை. அவரிடம் படித்த பையன், ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் வேலை. லைனில் வரும் பாகங்களைக் கேமரா பார்த்து ஓகே, என்ஜி என்று பிரிக்க வேண்டும்.

“மேடம், பேப்பர்ல 99.6-னு போட்டிருக்கு. எங்க லைன்ல வெச்சா எண்ணெய்க் கறையக்கூட விரிசல்னு காட்டுது.”

“அதத்தான்ப்பா சொல்லிக்குடுக்கணும். பேப்பர்ல அது இல்ல.”

அந்த 99.6 நிஜமான எண். நல்ல தொழிற்சாலையில் குறையுள்ள பாகம் அரிதாகத்தான் வரும்; அதனால் கணினிக்குக் காட்டிப் பழக்கப் போதிய என்ஜி படங்கள் கிடைக்காது. நல்ல பாகங்களின் படங்களை மட்டும் காட்டி, “இதுபோல் இல்லாததைக் கண்டுபிடி” என்று சொல்லும் முறைகள் இதற்காகவே வந்தன. ஜெர்மனியின் எம்விடெக் நிறுவனம் 2019-ல் 15 வகைப் பொருட்களின் 5,354 படங்களைத் தொகுத்து வெளியிட்டது. பழக்குவதற்கான பகுதியில் குறையில்லாத படங்கள் மட்டுமே. 2022-ல் சிவிபிஆர் மாநாட்டில் வந்த ‘பேட்ச்கோர்’ என்ற முறை, நல்லது கெட்டதைப் பிரித்தறியும் திறனுக்கான மதிப்பெண்ணில் நூற்றுக்கு 99.6 வரை தொட்டது.

ஆய்வுக்கூடத்தில் முடிந்துவிட்ட கணக்கு, லைனில் முடிவதில்லை. வெளிச்சம் மாறும், கேமரா அரை மில்லிமீட்டர் நகரும், சப்ளையர் மாறினால் உலோகத்தின் பளபளப்பே மாறும். ஒரு ஷிப்டில் 2,000 பாகம் போகிற லைனில், நூற்றுக்கு ஒரு நல்ல பாகத்தைத் தவறாகத் தள்ளினாலும் 20 பாகத்தை ஓர் ஆள் மறுபடி கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் பார்ப்பார். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் கேமராவை ஆஃப் பண்ணச் சொல்லிவிடுவார். இந்த இடைவெளியைப் பற்றி மூன்று மணி நேரம் பேச முடிந்தால், அதுதான் டுடோரியல்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

மாநாட்டுக்கு அரை வருடத்துக்கும் முன்பே அழைப்பு வெளியாகும். டுடோரியலுக்கென்றே தனித் தலைவர்கள் இருப்பார்கள். முடிவு அவர்கள் கையில். ஏசிஎல் குடும்ப மாநாடுகள் பல ஆண்டுகளாகப் பொது அழைப்பு விடுகின்றன. ஒரே விண்ணப்பத்தை அனுப்பி, எந்த மாநாட்டில் நடத்த விருப்பம் என்று வரிசைப்படுத்தலாம். நான்கு பக்கம்தான், மேற்கோள் பட்டியலுக்குத் தனி இடம் உண்டு. புதுப்போக்கைச் சொல்வதா, அடிப்படையைச் சொல்வதா என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அந்த நான்கு பக்கத்தில் பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்: பேச்சில் எவ்வளவு பங்கு உங்கள் சொந்த வேலை, எவ்வளவு பிறருடையது என்ற கேள்வி. பெரும்பகுதி பிறருடைய ஆய்வாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. “எங்கள் குழுவின் ஐந்து கட்டுரைகள்” என்று விளம்பரப் பலகை வைக்கிற விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதில் வியப்பில்லை. நம் பேராசிரியைக்கு இதில் சாதகம்தான். சொந்தக் கட்டுரை குறைவு என்பது இந்த ஒரு இடத்தில் குறையே அல்ல. மற்றவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கால அட்டவணை. “அறிமுகம் 30 நிமிடம், முறைகள் 90 நிமிடம், முடிவுரை” என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. ‘முதல் 20 நிமிடம்: நல்ல பாகத்தை மட்டும் பார்த்துக் கற்பது ஏன், அடுத்த 40: பேட்ச்கோர் வரையிலான முறைகள், ஒவ்வொன்றும் எங்கே தோற்கும், இடைவேளைக்குப் பின் 35: வெளிச்சம் மாறினால் மதிப்பெண் எவ்வளவு விழுகிறது என்று நேரடியாக ஓட்டிக் காட்டுதல்’ என்று எழுதினால், இவர் மனதுக்குள் ஒருமுறை நடத்திப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். வருகிறவர்களுக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், எதைப் படித்துவிட்டு வரலாம் என்ற பட்டியலும் கேட்பார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்ற மதிப்பீடும் உண்டு. அதைப் பெரிதாக்கி எழுதத் தேவையில்லை. அறை ஒதுக்கத்தான் கேட்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனி லைனில் எடுத்த படத்தைத் திரையில் போட முடியாது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் டிசைன், ரகசிய ஒப்பந்தம், கேட்டின் வாசலிலேயே செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுகிற உலகம் அது. டுடோரியலின் ஸ்லைடும் நிரலும் பெரும்பாலும் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்படும். ஆகவே எம்விடெக் போன்ற பொதுத் தொகுப்பைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கடையில் நட்டு, போல்ட்டு, வாஷர் வாங்கி, கல்லூரி லேபில் கீறி, எண்ணெய் தடவி, தானே படம் எடுக்கலாம். சொல்லப்போனால் இரண்டாவது வழியே மேல். வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுத்துக் காட்ட முடியுமே.

பெயர் தெரியும் என்பதுதான் சிக்கல்

ஆய்வுக் கட்டுரையை மதிப்பிடுபவருக்கு எழுதியவரின் பெயர் மறைக்கப்படும். மணிமங்கலமா மாசசூசெட்ஸா என்று தெரியாது. டுடோரியலில் அப்படியில்லை. நடத்தப்போவது யார், முன் அனுபவம் என்ன என்பதே மதிப்பீட்டின் பகுதி. பிரபலமான பெயர் இருந்தால் அறை நிறையும் என்று தலைவர்கள் நினைப்பதை முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் வாசல் திறந்தே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பார்த்துப் பார்த்து உள்ளே விடுகிற நிலை இதில் இருக்கவே செய்கிறது.

இதைச் சமாளிக்கும் வழி, தனியாகப் போகாமலிருப்பது. நடத்துபவர்கள் வெவ்வேறு நிறுவனங்கள், நாடுகள், அனுபவ நிலைகளிலிருந்து வருவதை ஏசிஎல் அழைப்புகள் வெளிப்படையாகவே வரவேற்கின்றன. முறையைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியாளர் ஒருவர், பாடம் எடுக்கும் பேராசிரியை, லைனில் வேலை பார்த்த பொறியாளர் என மூன்று பேர் சேர்ந்தால், மூவரில் யாரும் மற்றவரின் பகுதியைத் தனியாக நடத்த முடியாது. அறிமுகமில்லாத ஆராய்ச்சியாளருக்கு எழுதத் தயங்க வேண்டாம். “உங்கள் முறையை இந்த மாதிரி பாகத்தில் ஓட்டினோம், இங்கே தோற்கிறது, படம் இணைத்திருக்கிறோம்” என்று தொடங்கும் மின்னஞ்சல், “ரெஸ்பெக்டட் சார்” என்று தொடங்கும் மின்னஞ்சலைவிட அதிகம் படிக்கப்படும்.

பிறகு பணமும் விசாவும். பதிவுக் கட்டணத்தில் சலுகை கிடைத்தாலும் விமான டிக்கெட்டும் ஓட்டலும் தனிக்கதை. 2018-ல் மான்ட்ரியலில் நியூரிப்ஸ் நடந்தபோது, ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு கனடா விசா மறுக்கப்பட்டு பெரிய சர்ச்சையானது. இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகுதான் மாநாடுகள் இடம் மாறத் தொடங்கின. ஐசிஎல்ஆர் மாநாடு 2020-ல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குத் திட்டமிடப்பட்டு, கொரோனாவால் இணையவழிக்குப் போனது. 2023-ல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது.

மேடையில் மூன்று மணி நேரம்

ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கல்லூரியில் 50 நிமிட பீரியட் எடுத்துப் பழகியவர்களுக்கு மூன்று மணி நேரம் பெரிய பாலைவனம். நம் ஊர் ஆசிரியர்களிடம் ஒரு பலம் உண்டு: பலகையில் எழுதிக்கொண்டே நிறுவிக்காட்டுவது. ஸ்லைடுக்கு மேல் ஸ்லைடாகத் தள்ளுவதைவிட அது பல மடங்கு மேல். பலவீனமும் உண்டு. கேள்வி கேட்டால் “அதை அப்புறம் பார்க்கலாம்” என்று நகர்வது. அங்கே அது எடுபடாது. கேள்விக்கென்றே நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கேள்வி என்றால் எந்த அளவுக்கு? 2016 டிசம்பரில் பார்சிலோனாவில் நடந்த நிப்ஸ் மாநாடு. படங்களைத் தானே உருவாக்கும் ‘கான்’ என்ற முறையை உருவாக்கிய இயன் குட்ஃபெலோ டுடோரியல் நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் யுர்கன் ஷ்மிட்ஹூபர் என்ற மூத்த விஞ்ஞானி எழுந்து, 1992-ல் தான் செய்த வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நிறுத்திக் கேட்டார். அரங்கமே உறைந்தது. இதைப் பற்றி நாம் ஏற்கெனவே மின்னஞ்சலில் பேசியிருக்கிறோம், டுடோரியல் நேரத்தை இதற்குச் செலவிட விரும்பவில்லை என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, குட்ஃபெலோ பாடத்துக்குத் திரும்பினார். அந்தக் காணொளியைப் பலர் சண்டைக்காகப் பார்க்கிறார்கள். அதே டுடோரியலை அவர் கையோடு அறிக்கையாக எழுதி, பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் சேர்த்து இலவசமாக இணையத்தில் வைத்ததைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

இன்னொன்று, நேரடியாக ஓட்டிக் காட்டுவது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் டவுன்லோடு செய்தால் எந்த அரங்கின் வைஃபையும் படுத்துவிடும். முடிவுகளை முன்கூட்டியே ஓட்டிச் சேமித்து வைத்திருப்பது நல்லது. கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் வைப்பது மாதிரி. கரண்ட் போகாவிட்டால் சந்தோஷம்.

பக்கத்து வாசல்கள்

முதல் முயற்சியே நியூரிப்ஸாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய மாநாடுகள் இந்தியாவுக்கும் வந்திருக்கின்றன: 2007-ல் ஐஜேகாய் ஐதராபாத்தில், 2012-ல் கோலிங் மும்பையில், 2018-ல் இன்டர்ஸ்பீச்சும் 2025-ல் ஐகாஸ்பும் மறுபடி ஐதராபாத்தில். இவை தவிர, கேமரா, படம் சார்ந்த ஆய்வுக்கு ஐசிவிஜிஐபி, மொழிக்கு ஐகான், தரவுக்கு கோட்ஸ்-கோமாட் என இந்திய மாநாடுகள் இருக்கின்றன. விசா வேண்டாம், ரயிலில் போகலாம்.

அதற்கும் முன்னால் ஒத்திகைக்கு இடம் வேண்டும். கல்லூரிகளில் நடக்கும் எஃப்டிபி, அதாவது ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே எடுக்கும் பயிற்சி வகுப்பு, டுடோரியலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பல இடங்களில் அது வருகைப்பதிவுக்கும் சான்றிதழுக்கும் மட்டும் நடப்பது வேறு விஷயம். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே தொழில்நுட்பம் பேசிக்கொண்டிருக்கிறது. தமிழ் இணைய மாநாடுகளில் பொதுமக்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க ‘மக்கள் கூடம்’ என்றே ஒரு பகுதி நடப்பதுண்டு. ஷிப்ட் முடிந்து வந்த பத்து குவாலிட்டி பொறியாளர்கள் முன்னால் தமிழில் நடத்திப் பார்த்தால், எந்த ஸ்லைடில் கொட்டாவி வருகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஏசிஎல் விண்ணப்பத்தில் இதற்கும் ஓர் இடம் இருக்கிறது. இதே டுடோரியலோ இதுபோன்ற ஒன்றோ முன்பு எங்கே நடத்தப்பட்டது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். அங்கே ‘மணிமங்கலம், 40 பேர்’ என்று எழுதக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.